ஹாமர்ஸ்மித்திலிருந்து பிராட் கேம்ப்டன் வரை: ஓர் அச்சகத்தின் வழித்தடம்

புதன், வால்தம்ஸ்டோ

லண்டன் சுரங்க ரயிலில் விக்டோரியா லைனின் வடக்குக் கோடி வால்தம்ஸ்டோ சென்ட்ரல். இறங்கிச் சந்தைத் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் லாயிட் பூங்கா. அதன் வாசலில் நிற்கும் பழைய செங்கல் மாளிகைதான் வில்லியம் மோரிஸ் காட்சியகம். 1848 முதல் 1856 வரை மோரிஸ் தன் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் இருந்த வீடு. நுழைவுக் கட்டணம் கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய வடிவமைப்பாளரும் எழுத்தாளரும் சோஷலிஸ்டுமான மோரிஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வால்பேப்பர்தான். பூவும் கொடியும் பறவையுமாக அவர் வரைந்த வடிவங்கள் இன்று குடையிலும் கைப்பையிலும் தேநீர்க் கோப்பையிலும் வந்துவிட்டன. அந்த அறைகளை வேகமாகக் கடந்தேன். நான் பார்க்க வந்தது அவருடைய கடைசி ஆண்டுகளின் வேலை. 1891இல், அறுபதை நெருங்கும் வயதில், உடம்பு தளர ஆரம்பித்த காலத்தில், அவர் ஓர் அச்சகம் தொடங்கினார். கெல்ம்ஸ்காட் அச்சகம் என்று பெயர். 1898இல் மூடும் வரை அங்கிருந்து 53 நூல்கள் 66 தொகுதிகளாக வந்தன. அதற்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கவனமாகப் புத்தகம் செய்த யாருமே அந்த அச்சகத்துக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியவில்லை. சிலர் அதைப் பின்பற்றினார்கள், சிலர் எதிர்த்துக் கிளம்பினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கே கண்ணாடிக்குள் சாசர் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் முழுத் தொகுப்பு, 1896 மே மாதம் அச்சு முடிந்து ஜூனில் வெளிவந்தது. தாளில் 425 படிகள், தோலில் 13 படிகள். எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 87 படங்கள். ஓரச் சட்டங்களையும் தலைப்பெழுத்துகளையும் மோரிஸே வரைந்தார். புத்தகம் கைக்கு வந்த நான்காம் மாதம், அக்டோபர் 3ஆம் தேதி, அவர் இறந்துவிட்டார்.

முதலில் என்னை நிறுத்தியது படமல்ல, கறுப்பு. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த மை துளிகூட வெளுக்கவில்லை. இங்கிலாந்தில் கிடைத்த மை எதுவும் மோரிஸுக்குப் பிடிக்காமல், ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து யானெக்கே நிறுவனத்திலிருந்து வரவழைத்தார். தாளுக்கு கென்ட் மாவட்டத்தில் ஜோசப் பேட்சலர் என்ற தாள் செய்பவரைப் பிடித்தார். 1473 வாக்கில் இத்தாலியின் போலோன்யாவில் செய்த ஒரு தாளை மாதிரியாகக் கொடுத்து, லினன் கந்தலிலிருந்து மட்டுமே செய்த தாள் வேண்டும் என்றார். பருத்தி கலக்கக் கூடாது, அமிலம் போட்டு வெளுக்கக் கூடாது. அதனால்தான் அந்தத் தாள் இன்னும் பழுக்கவில்லை.

இன்னொன்று, ஓர இடம். மோரிஸ் ஒற்றைப் பக்கத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார். விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அவருக்கு ஒரு பக்கம். தையலை ஒட்டிய இடம் மிகக் குறைவு, தலைப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், வெளியோரம் இன்னும் கூடுதல், அடிப்பக்கம் எல்லாவற்றிலும் அதிகம். சொற்களுக்கிடையில் நெருக்கம், வரிகளுக்கிடையிலும் நெருக்கம். எழுத்துப் பரப்பு முழுவதும் ஒரே அடர்த்தியில் நிற்கிறது. புத்தகப் பக்கம் அமைத்துச் சம்பாதிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஓரக் கணக்கை நம் ஊர்ப் புத்தகங்களில் அப்படியே போட முடியாது. பசை ஒட்டிய முதுகு உள்ளோரத்தை விழுங்கிவிடும். நூலால் தைத்து, முழுதாகப் பிரியும் புத்தகத்துக்கான கணக்கு இது. கட்டுமானத்தையும் பக்கத்தையும் ஒரே மனசில் யோசித்தவருக்குத்தான் இப்படி வரும்.

மோரிஸ் இயந்திரத்தை வெறுத்தார், எல்லாவற்றையும் கையாலேயே செய்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே வைத்திருக்கும் விளக்கங்களைப் பொறுமையாகப் படித்தால் அது எவ்வளவு அரைகுறை என்று தெரியும். பர்ன்-ஜோன்ஸ் பென்சிலில் வரைவார். மென்மையான நிழல்கள் நிறைந்த அந்தப் படத்தை கேட்டர்சன்-ஸ்மித் என்பவர் திடமான கோடுகளாக மாற்றி வரைவார். அப்புறம் அது புகைப்பட முறையில் மரக்கட்டை மேல் பதியும். அதன் பிறகுதான் ஹூப்பர் என்ற மரச்செதுக்கர் உளியை எடுப்பார். எழுத்து செய்த கதையும் இதேதான். 1470களில் வெனிஸில் நிக்கோலா ஜென்சன் அச்சடித்த பக்கங்களைப் புகைப்படமாகப் பெரிதாக்கி, அதன் மேல் மோரிஸ் மறுபடி மறுபடி வரைந்து பழகினார். பிறகு அதை வைத்துவிட்டுத் தன் எழுத்தைத் தானாக வரைந்தார். எழுத்தச்சு வெட்டுபவரான எட்வர்ட் பிரின்ஸ் அதை எஃகில் வெட்டினார். கேமரா இல்லையென்றால் கெல்ம்ஸ்காட் இல்லை. அந்தக் கேமராவுக்குப் பின்னால் நின்றவரின் வீட்டுக்குத்தான் நாளை.

வியாழன், ஹாமர்ஸ்மித்

ஹாமர்ஸ்மித் நிலையத்தில் இறங்கும்போது பெயர்ப் பலகையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். லண்டன் சுரங்க ரயிலின் அந்தத் தெளிவான எழுத்தை வரைந்தவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். 1916இல் பயனுக்கு வந்தது. அவர் 1905 முதல் 1912 வரை இங்கேதான் ஆற்றங்கரையில், ஹாமர்ஸ்மித் டெரஸ் 3ஆம் எண் வீட்டில் இருந்தார். மயிலிறகும் திராட்சைக் கொடியுமாகத் தொடங்கிய ஒரு முயற்சியின் பக்கத்தில் குடியிருந்தவரின் கையிலிருந்துதான் அந்த அலங்காரமற்ற எழுத்து பின்னால் வந்திருக்கிறது. தினமும் லட்சக்கணக்கானவர்கள் அதைப் படித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள்.

நெடுஞ்சாலையின் அடியில் நுழைந்து வெளியே வந்தால் பூங்கா, பூங்காவைத் தாண்டினால் தேம்ஸ். கரையோரச் சந்து ஒன்று ‘தி டவ்’ என்ற பழைய மதுக்கடையை உரசிக்கொண்டு போகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்துக்குள் எல்லாமே இருக்கிறது. மோரிஸின் அச்சகம் தொடங்கிய 16ஆம் எண் குடிசை வீடு, காப்டன்-சாண்டர்சன் புத்தகம் கட்டிய 15ஆம் எண், மோரிஸ் குடியிருந்த கெல்ம்ஸ்காட் ஹவுஸ். உலகப் புத்தக வடிவமைப்பை மாற்றியது இந்த ஒரு கரைத்தெரு.

கெல்ம்ஸ்காட் ஹவுஸில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அடித்தளத்தையும் வண்டிக் கொட்டகையையும் மட்டும் வில்லியம் மோரிஸ் சங்கம் வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் ஞாயிறு மாலைகளில் சோஷலிசக் கூட்டங்கள் நடந்த கொட்டகை அது. உள்ளே கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் இருந்த அல்பியன் கை அச்சுப்பொறி நிற்கிறது.

வயதான தன்னார்வலர் ஒருவர் ஒரு தாள் அடித்துக் காட்டினார். முதலில் கல்பலகையில் மையை உருட்டினார். மை சரியான பதத்துக்கு வந்ததும் உருளையிலிருந்து ஒரு சீறல் சத்தம் வருகிறது, அதைக் கேட்டுத்தான் நிறுத்துகிறார். கோத்த எழுத்துச் சட்டத்தின் மேல் மெல்லிசாக இரண்டு முறை உருட்டினார். லேசாக ஈரப்படுத்தி வைத்திருந்த தாளை மூடியில் பொருத்தி, ஓரம் மை படாமல் காக்கும் சட்டத்தை அதன் மேல் மடித்து, இரண்டையும் சேர்த்து எழுத்தின் மேல் இறக்கினார். கைப்பிடியைச் சுழற்றியதும் மேடை முழுவதும் உருண்டு அழுத்துதட்டின் அடியில் போனது. நீளக் கைப்பிடியை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார். பொறியின் நெஞ்சுக்குள் சாய்ந்திருந்த இரும்புத் துண்டு நிமிர்ந்து நேராகி, தட்டைக் கீழே அழுத்துகிறது. இழுப்பின் முடிவில் கையில் ஓர் எதிர்ப்பு தெரியும், அங்கே ஒரு கணம் நிறுத்த வேண்டும் என்றார். மேடையைத் திரும்ப உருட்டி, மூடியைத் தூக்கி, தாளை ஒரு மூலையிலிருந்து உரித்தெடுத்தார்.

“பின்பக்கம் தடவிப் பாருங்கள்” என்று என்னிடம் நீட்டினார்.

எழுத்து தாளுக்குள் இறங்கியிருந்தது. ஆனால் பின்னால் புடைக்கவில்லை, விரல் நுனிக்கு மட்டும் தெரிகிற ஒரு மேடு பள்ளம். ஈரத்தாள் இல்லாவிட்டால் இது வராது, மை மேலோடு ஒட்டி நிற்கும். சாசருக்கு ஒரு பக்கத்துக்கு இத்தனை வேலை. இதை 500 பக்கங்களுக்கு மேல், 425 முறை.

இதன் விலையையும் சொல்லியாக வேண்டும். சாசர் ஒரு படி 20 பவுண்டு. அந்தக் காலத்து லண்டனில் அச்சுக்கோப்பவரின் வாரக் கூலி 2 பவுண்டுக்கும் குறைவு. கோத்தவரால் வாங்க முடியாத புத்தகம். அதே கொட்டகையில் உழைப்பாளர் விடுதலையைப் பேசிய மனிதர் அடித்த புத்தகம். இந்த முரணை மோரிஸின் எதிரிகள் அப்போதே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அது நியாயமான கேள்வி என்றுதான் நானும் நினைக்கிறேன். நல்ல மையும் நல்ல தாளும் நியாயமான கூலியும் சேர்ந்தால் அன்றைய சந்தையில் விலை அப்படித்தான் வரும் என்பது மட்டும் பதிலாகாது. இன்னொரு பதில் இருக்கிறது. அதைத் தேடித்தான் சனிக்கிழமை கேம்ப்டன் போகிறேன்.

மதியம் ஹாமர்ஸ்மித் டெரஸ் 7ஆம் எண். எமரி வாக்கரின் வீடு. முன்பதிவு செய்துதான் போக முடியும், சின்னக் குழுவாகத்தான் விடுகிறார்கள். வாக்கர் பதின்மூன்று வயதோடு பள்ளியை விட்டவர். படங்களைப் புகைப்பட முறையில் அச்சுக்குத் தயார் செய்வது அவருடைய தொழில். 1888 நவம்பர் 15 அன்று ரீஜண்ட் தெருவில் ஓர் உரை நிகழ்த்தினார். மேடைப் பேச்சு என்றால் நடுங்குகிறவர். ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுப் பக்கங்களைப் புகைப்படமெடுத்து, மாய விளக்கில் போட்டுத் திரையில் பெரிதாகக் காட்டினார். கேட்டவர்களில் ஆஸ்கர் வைல்டும் ஒருவர், மறுநாளே பத்திரிகையில் பாராட்டி எழுதினார். மோரிஸோ அன்று இரவு வீடு திரும்பும் வழியிலேயே புதிதாக ஓர் எழுத்து செய்யலாம் என்று வாக்கரிடம் சொல்லிவிட்டார். கெல்ம்ஸ்காட்டில் பங்காளியாகச் சேரச் சொன்னபோது வாக்கர் மறுத்துவிட்டார். ஆனால் அவரைக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

அந்த வீட்டில் மோரிஸின் வால்பேப்பர்கள் சுவரிலேயே இருக்கின்றன. கூடத்தில் அவர் வடிவமைத்த லினோலியம் காலடியில் கிடக்கிறது. நாற்காலிகள், சாடிகள், துணிகள் எல்லாம் வாழ்ந்தவர்கள் வைத்த இடத்திலேயே. ஆனால் நான் வாக்கரையே நினைத்துக்கொண்டிருந்தேன். மோரிஸின் கொடிகளையும் பூக்களையும் பிற்காலத்து வடிவமைப்பாளர்கள் கைவிட்டார்கள். வாக்கர் சொல்லிக்கொடுத்த நெருக்கமும் ஓரமும் அச்சழுத்தமும் மட்டும் நிலைத்தன. இந்த இயக்கத்தில் உண்மையான ஆசிரியர் அவர்தான் என்பது என் முடிவு.

அவர் கூட்டாகச் செய்த அச்சகம் டவ்ஸ். 1900இல் காப்டன்-சாண்டர்சனோடு இதே டெரஸின் முதலாம் எண்ணில் தொடங்கினார். ஒரே எழுத்து, ஒரே அளவு. சாய்வெழுத்தே கிடையாது. ஓரச் சட்டமும் படமும் இல்லை. அவர்களுடைய ஐந்து தொகுதி பைபிளின் முதல் பக்கத்தை ஒருமுறையாவது பாருங்கள். ஆதியாகமத்தின் முதல் எழுத்தை ஜான்ஸ்டன் பக்கத்தின் உயரம் முழுக்க ஒரு நெட்டைச் சிவப்புக் கோடாக இறக்கியிருப்பார். வேறு அலங்காரம் ஏதுமில்லை. மோரிஸ் செய்த எதையும்விட எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

அப்புறம் அந்தக் கதை. பங்காளிகள் முறைத்துக்கொண்டு 1909இல் பிரிந்தார்கள். டவ்ஸ் எழுத்து காப்டன்-சாண்டர்சனின் ஆயுள் வரை அவரிடம், அதன் பிறகு வாக்கருக்கு என்று உடன்பாடு. தன் எழுத்து நாளைக்கு இயந்திர அச்சில் ஓடுமே என்ற நினைப்பை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. எழுத்தை வெட்டிய எஃகு அச்சுகளையும் (பஞ்ச்), அவற்றால் அடித்த வார்ப்பு அச்சுகளையும் (மேட்ரிக்ஸ்) 1913இல் ஆற்றில் போட்டார். 1916 ஆகஸ்ட் முதல் 1917 ஜனவரி வரை, போர்க்கால இருட்டில், ஈய எழுத்துகளை மூடி போட்ட பெட்டியில் சுமந்து போய் ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து கொட்டினார். வயது எழுபத்தைந்து. ஏறக்குறைய 170 நடை. மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். ஒருமுறை இரண்டு பொட்டலங்கள் தண்ணீரில் விழாமல் பாலத் தூணின் விளிம்பில் தங்கிவிட்டதையும், மாட்டிக்கொள்வோமோ என்று பதறியதையும் அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1922இல் அவர் இறந்த பிறகு வாக்கர் வழக்குப் போட, மனைவி ஆனி பணம் கட்ட நேர்ந்தது.

மாலையில் அந்தப் பாலத்தில் நடந்தேன். 2019 முதல் மோட்டார் வண்டிகள் ஓடாததால் நடுப்பாலத்தில் நிதானமாக நிற்க முடிகிறது. பலர் இதை ஒரு காவியமாகச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த எழுத்தை எஃகில் வெட்டியது எட்வர்ட் பிரின்ஸின் கை, யோசித்தது வாக்கரின் கண். தனக்கு மட்டும் சொந்தமில்லாத ஒன்றை ஒருவர் ஆற்றில் போட்டுவிட்டார். 2014இல் வடிவமைப்பாளர் ராபர்ட் கிரீன் ஆறு வற்றும் நேரம் பார்த்துக் கரையில் இறங்கித் தேடினார். சில எழுத்துகள் கையில் கிடைத்ததும் துறைமுக ஆணையத்தின் முக்குளிப்பவர்களை அழைத்து வந்தார். 150 எழுத்துகள் மீண்டன. அவற்றை வைத்துத் திருத்திய டவ்ஸ் எழுத்துரு இன்று கணினியில் ஓடுகிறது. காப்டன்-சாண்டர்சன் எதைத் தடுக்க நினைத்தாரோ அதுவே நடந்திருக்கிறது, எழுத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

வெள்ளி, கெல்ம்ஸ்காட்

பேடிங்டனிலிருந்து ஸ்விண்டனுக்கு ரயில், அங்கிருந்து லெச்லேடுக்குப் பேருந்து, அப்புறம் தேம்ஸ் கரைப் பாதையில் நடை. லண்டனில் அகண்டு கிடந்த ஆறு இங்கே ஒரு வாய்க்கால் மாதிரி ஒடுங்கிப் புல்வெளிக்குள் நெளிகிறது. 1880இல் மோரிஸ் குடும்பம் ஹாமர்ஸ்மித் வீட்டு வாசலில் படகேறி, இந்தக் கிராமத்து வீடு வரை ஆற்றிலேயே வந்தது. அச்சகத்தின் பெயரும் லண்டன் வீட்டின் பெயரும் இந்த ஊரிலிருந்து போனவைதான்.

கெல்ம்ஸ்காட் மேனர் என்ற அந்த வீடு அழகாக இருக்கிறது. சாம்பல் நிறக் கல், முகடு முகடாகக் கூரை. மோரிஸின் கட்டில் திரைகளில் மகள் மே தைத்த கவிதை வரிகள். அச்சு சம்பந்தமாக அதிகம் இல்லை என்பதால் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: வீட்டின் கிழக்கு முகப்பைத் தோட்டப் பாதையின் எதிரில் நின்று பார்த்தால், மோரிஸ் தன் கற்பனை நாட்டு நாவலின் முகப்பில் அச்சிட்ட படம் அப்படியே கண்ணெதிரில் நிற்கும். தேவாலயத்தின் பின்னால் அவருடைய கல்லறை, நண்பர் பிலிப் வெப் வடிவமைத்தது. கூரை போல் சரிந்த ஒரு கல், அவ்வளவுதான்.

சனி, சிப்பிங் கேம்ப்டனும் பிராட் கேம்ப்டனும்

இந்தப் பயணத்தை நான் திட்டமிட்டதே இந்த நாளுக்காக.

மோரிஸ் போன பிறகு கெல்ம்ஸ்காட்டின் எழுத்துகளையும் மரக்கட்டைகளையும் வெளியே விடவில்லை. ஆனால் அச்சுப்பொறிகளை சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் வாங்கினார். கிழக்கு லண்டனில் கைவினைக் குழு ஒன்றை நடத்திவந்தவர். கெல்ம்ஸ்காட் வேலையாட்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு 1898இல் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தைத் தொடங்கினார். 1902இல் குழு மொத்தமும், தச்சர், கொல்லர், தட்டார், அச்சுக்காரர், அவர்கள் குடும்பங்கள் என்று, லண்டனை விட்டு இந்தக் காட்ஸ்வோல்ட் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. தேன் நிறக் கல் வீடுகள் வரிசையாக நிற்கும் இந்தத் தெருவில் லண்டன் பேச்சு பேசும் தொழிலாளிகள் வந்து இறங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஷீப் தெருவின் பழைய பட்டு ஆலையில் அவர்கள் பட்டறை. அதன் மாடியில் ஹார்ட் குடும்பத்தார் இன்றும் வெள்ளி வேலை செய்கிறார்கள். படியேறிப் போய்ப் பார்க்கலாம், மேசைகளில் சுத்தியல்களும் பழைய மாதிரிகளும் குவிந்து கிடக்கின்றன. குழு 1908இல் கடனில் கலைந்தது. வெள்ளிப் பட்டறை மட்டும் தப்பியது.

அச்சுப்பொறி அதற்குள் கைமாறியிருந்தது. வாங்கியவர் ஆனந்த குமாரசுவாமி.

தமிழ் வாசகர்களுக்கு அவரைச் சிவ நடனம் பற்றி எழுதியவராகத் தெரியும். கொழும்பில் 1877இல் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர், பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தாய்மாமன். தாய் எலிசபெத், கென்ட் மாவட்டத்து ஆங்கிலேயர். ஆனந்தருக்கு இரண்டு வயதாகும்போதே தந்தை இறந்துவிட, இங்கிலாந்தில் வளர்ந்தார். நிலவியல் படித்தார். 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிம ஆய்வின் இயக்குநராகச் சுற்றியபோது அவர் கண்ணில் பட்டது கல் மட்டுமல்ல. கண்டிப் பக்கத்துக் கொல்லரும் ஓவியரும் நெசவாளரும் குயவரும் இறக்குமதிச் சரக்கின் முன் தொழிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி எத்தல் புகைப்படம் எடுக்க, அவர் எழுதிக்கொண்டே போனார். எத்தலின் சகோதரர் ஆஷ்பியின் குழுவில் நகை செய்பவர். அந்தத் தொடர்பில்தான் கேம்ப்டன்.

அங்கிருந்து வயல்களின் ஊடே ஒரு மைல் போல நடந்தால் பிராட் கேம்ப்டன். சின்னஞ்சிறு ஊர். நார்மன் சேப்பல் என்ற பழைய கோயில் கட்டடத்தை ஆஷ்பி குமாரசுவாமிக்காக வீடாக மாற்றிக் கொடுத்தார். இன்று அது தனியார் வீடு என்பதால் தெருவிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். கல் மதில், பழைய வளைவுச் சாளரம், பின்னால் உயரமான மரங்கள். இங்கேதான் 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, சாசரை அடித்த பொறியில், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் அச்சானது. படிகளின் எண்ணிக்கை 425, சாசரின் தாள் பதிப்புக்கு இருந்த அதே எண்.

வியாழக்கிழமை எழுதிய முரணுக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். மோரிஸ் அந்தப் பொறியில் ஒரு பழைய கவிஞரை மறுபடி அழகாக அடித்தார். உழைப்பைப் பற்றிய அவருடைய பேச்சும் அவர் அடித்த புத்தகமும் தனித்தனியாக நின்றன. குமாரசுவாமி அதே பொறியில், கைத்தொழிலாளிகளைப் பற்றியே அடித்தார். அவர்கள் எந்த நிலத்தை மானியமாக வைத்திருந்தார்கள், எந்த அரச சேவைக்குக் கடமைப்பட்டிருந்தார்கள், புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் இரவில் சிற்பி என்ன செய்தான், பிரிட்டிஷ் வணிகம் வந்ததும் அவன் கதி என்ன ஆயிற்று. புத்தகம் சொல்வதும் புத்தகம் செய்யப்பட்ட விதமும் ஒன்றாகிவிட்டன. கெல்ம்ஸ்காட்டின் உண்மையான வாரிசு இந்த நூல்தான் என்பேன். அச்சு வரலாற்று நூல்களில் இதற்குக் கிடைக்கும் இடம் ஒரு வரி, இரண்டு வரி. அது போதாது.

ஞாயிறு, ஈஸ்ட்ஹாம்

பெரியம்மா மகள் வீட்டில் ஓய்வு. “ஏன்டா, லண்டனுக்கு வந்துட்டு ஒரு அரண்மனை பார்க்கலை, ஒரு பெரிய சக்கரம் ஏறலை, பழைய பிரஸ்ஸா தேடிட்டிருக்க” என்று அக்கா கேட்டாள். “அந்தப் புத்தகத்தையெல்லாம் யார் படிச்சாங்க?”

நல்ல கேள்வி. அந்தப் புத்தகங்களைப் படித்தவர்கள் சில நூறு பேர். அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் செய்ததுதான் கோடிப் பேரிடம் போனது. அக்காவின் அலமாரியிலிருந்தே பென்குவின் பதிப்பகத்தின் பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். 1940களின் இறுதியில் யான் சிக்கோல்டு என்ற புத்தக வடிவமைப்பாளர் அந்த மலிவுப் பதிப்புகளுக்கு இடைவெளி விதிகளையும் ஓர அளவுகளையும் வகுத்தார். சொற்களுக்கிடையில் இடம் குறைவாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதும் மோரிஸ் கேட்டதும் ஒன்றே. இடையில் 1920களின் தொடக்கத்தில் பிரான்சிஸ் மெய்னல் நன்சச் பதிப்பகத்தைத் தொடங்கி, நல்ல வடிவமைப்பைச் சாதாரண இயந்திர அச்சகங்களில் செய்து காட்டினார். அதே பத்தாண்டில் எழுத்து வார்க்கும் இயந்திரங்களைச் செய்த மோனோடைப் நிறுவனம் ஸ்டான்லி மோரிசனின் ஆலோசனையில் பழைய வெனிஸ் எழுத்துகளை மீட்டது. 1929இன் பெம்போ எழுத்து இன்றும் பலர் கணினியில் இருக்கிறது. பழைய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார், அதிலிருந்து புதிதாக வரை என்ற அந்த முறை 1888இல் வாக்கர் திரையில் காட்டியதுதான். ஜெர்மனியில் கெஸ்லர் பிரபு தன் கிரானாக் அச்சகத்துக்கு வாக்கரையும் பிரின்ஸையும் ஜான்ஸ்டனையுமே துணைக்கு அழைத்தார். அமெரிக்காவில் புரூஸ் ராஜர்ஸ் ஜென்சனைத் தன் வழியில் திரும்ப வரைந்து 1914இல் செண்டார் எழுத்தைச் செய்தார்.

பொறிகளும் கடல் தாண்டின. சாசர் அச்சான அல்பியன் ஒன்று அமெரிக்க எழுத்து வடிவமைப்பாளர் ஃபிரெடெரிக் கவுடியிடம் போய், பல கைகள் மாறி, 2013 ஏலத்தில் 2,33,000 டாலருக்கு விலைபோனது. இப்போது நியூயார்க் மாநிலத்தில் ரோச்சஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் இருக்கிறது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பென்குவினைத் திரும்ப வாங்கிப் பக்க ஓரத்தை உற்றுப் பார்த்தாள். “ஆமாடா, இதைப் பிடிச்சுப் படிக்க விரலுக்கு இடம் இருக்கு” என்றாள்.

திங்கள், வாசிப்பறை

கிளம்புமுன் ஒரு நூலகத்தின் அரிய நூல் அறையில் குமாரசுவாமியின் நூலைக் கேட்டு வாங்கினேன். பெரிய, கனமான புத்தகம். மெத்தை வைத்துத்தான் திறக்கச் சொல்கிறார்கள்.

பக்கங்களில் மோரிஸின் கொடி எதுவும் இல்லை. அகலமான ஓரம், நெருங்கிய வரிகள், திடமான கறுப்பு. ஹாமர்ஸ்மித் கொட்டகையில் தாளைத் தடவிப் பார்த்த விரலுக்கு இங்கேயும் அதே இறக்கம் தெரிந்தது. முடிவுப் பக்கத்தில், நார்மன் சேப்பலில் தன் மேற்பார்வையில் அச்சிட்டதையும், மோரிஸ் சாசரை அடித்த பொறி இதுவே என்பதையும், அது ஆஷ்பி வழியாக வந்ததையும் குமாரசுவாமி பதிவு செய்திருக்கிறார். யார் கையிலிருந்து யார் கைக்கு என்று பொறிக்கும் ஒரு பரம்பரை எழுதி வைக்கிறார். கைவினைஞரின் பரம்பரைகளைத் தேடி அலைந்தவருக்கு அது இயல்பாக வந்திருக்கும்.

நான் அதிக நேரம் செலவிட்டது கைவினைஞரின் சமூக நிலையைச் சொல்லும் பகுதியில். கோபம் ஒவ்வொரு பத்தியிலும் இருக்கிறது, ஆனால் குரல் உயரவே இல்லை. பட்டறை பட்டறையாக, கருவி கருவியாகப் பெயர் சொல்லிக்கொண்டு போகிறார். ஒரு கோடு எப்படி வளைய வேண்டும் என்பதற்குக் கண்டி ஓவியன் வைத்திருந்த விதிகளையும் சிலை அளவுகளைச் சொல்லும் சாரிபுத்திரம் என்ற பழைய நூலையும் அதே அக்கறையோடு தருகிறார். இதை எழுதும்போது அவருக்கு வயது முப்பது சொச்சம். 1917இல் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பெரிய அறிஞராக அறியப்படுவதெல்லாம் பிறகுதான்.

நூலின் மறுபதிப்பு 1956இல் நியூயார்க்கில் வந்தது, இந்தியாவிலும் பின்னர் வந்திருக்கிறது. படிப்பதற்கு அவை போதும். ஆனால் உங்கள் ஊர் நூலகப் பட்டியலில் 1908 பதிப்பு இருந்தால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மேசையில் வைத்து நடுவில் விரித்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.